வாயில் சேலை

‘வாயில்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டால், தமிழ்ப்பள்ளியில் படித்த எவரும் தயங்காமல் சொல்லிவிடுவார். வீட்டுக்கு நுழைவாயில், கோயிலுக்குத் தெற்கு வாயில். ‘வாயிலாக’ என்று எழுதினால் ‘மூலமாக’ என்று பொருள். கொஞ்சம் இலக்கியம் படித்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், ஊடல் கொண்ட தலைவியிடம் தலைவனுக்காகத் தூது போகும் பாணனுக்கும் தோழிக்கும் ‘வாயில்கள்’ என்று பெயர் உண்டு என்பார்கள். “வாயில் என்ன வைத்திருக்கிறாய்?” என்று நான்காம் ஆண்டு ஆசிரியை என்னைக் கேட்டது வேறு வாயில். அது வாய் கூட்டல் இல். ஏழாம் வேற்றுமை உருபு. (என் வாயில் அன்று இருந்தது புளிப்பு மிட்டாய். இலக்கணத்துக்கு அது தேவையில்லை.)

இந்தப் பட்டியலில் எதிலும் சேராத ஒரு ‘வாயில்’ எங்கள் வீட்டில் இருந்தது. அது ஆயாவின் அலமாரியில், நாப்தலின் உருண்டை வாசத்தோடு, நான்காக மடிந்து கிடந்தது. அந்த வாயிலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அன்பர்கள் பொறுமையுடன் படிக்கவேண்டும். ஏனென்றால் இதில் ஒரு குற்றவாளி இருக்கிறார், அது நான்தான்.

ஆயாவுக்கு இப்போது 82 வயது. கோல சிலாங்கூர்ப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டி, அங்கேயே கல்யாணம் கட்டி, ஐந்து பிள்ளைகளைப் பெற்றவர். 1990-களின் இறுதியில் தோட்டம் கைமாறியதும் லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். அதன்பின் கிள்ளானில் ஓர் அடுக்குமாடி மலிவு வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். தோட்டத்திலிருந்து வந்த சாமான்களில் முக்கால்வாசி வழியிலேயே கழிந்துபோனது. டிரங்குப் பெட்டியும் அதிலிருந்த சேலைகளும் மட்டும் மூன்றாம் மாடிவரை ஏறி வந்தன.

ஆயாவின் கணக்கில் சேலைகள் மூன்று வகை. பட்டு, கல்யாணத்துக்கு. நைலக்ஸ், டவுனுக்குப் போகும்போது நாலு பேர் பார்ப்பதற்கு. வாயில், மீதி எல்லாவற்றுக்கும். கோயில் திருவிழா, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரி, துக்க வீடு, சம்பள நாளன்று சந்தை, எதற்கும் வாயில்தான். “நைலக்ஸ கட்டிக்கிட்டு வெயில்ல நின்னா கோழிய வேக வச்ச மாதிரி இருக்கும். வாயிலுன்னா காத்து உள்ள வந்துட்டுப் போவும்” என்பார். காலையில் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டுக் காட்டுக்குப் போனால், பால் நிறுத்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் காய்ந்து கிடக்குமாம். கொஞ்சம் கஞ்சி போட்டு, மடித்துப் பாய்க்கு அடியில் வைத்துப் படுத்தால் மறுநாள் அதுவே இஸ்திரி.

பழசானால் அதற்கு இன்னொரு பிறவி உண்டு. ஏணை! என் அப்பா, அத்தைமார், சித்தப்பா, பிறகு பேரப்பிள்ளைகளாகிய நாங்கள் அனைவரும் பழைய வாயில் சேலையில் தூங்கி வளர்ந்தவர்கள்தாம். தோட்டத்தில் விட்டத்தில் கட்டினார்கள். எங்கள் காலத்தில் ஸ்பிரிங் வந்துவிட்டது. துணி மட்டும் மாறவில்லை. மெல்லியது, வேர்க்காது, வெளியிலிருந்து பார்த்தால் பிள்ளை விழித்திருக்கிறதா என்று தெரியும்.

இனி குற்றத்துக்கு வருகிறேன்.

2017-ஆம் ஆண்டு. நான் படிவம் இரண்டில் இருந்தேன். ஆறு ஆண்டு தமிழ்ப்பள்ளியில் படித்து, 2015-இல் யூ.பி.எஸ்.ஆர். எழுதி (அந்தத் தேர்வே 2021-இல் எடுக்கப்பட்டுவிட்டது), புகுமுக வகுப்பில் உட்காராமல் நேரே படிவம் ஒன்றுக்குப் போனவள். தேசியப் பள்ளி என்னைப் பெரிதாகத்தான் மாற்றியது. வகுப்பில் நாற்பது பேரில் தமிழர்கள் நான்கு பேர். முதல் ஆண்டு முழுவதும் என் மலாய் உச்சரிப்பைத் தோழிகள் திருத்தினார்கள். கேலியாக அல்ல, நல்ல எண்ணத்தோடுதான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் காது சூடாகும். அந்தச் சூட்டை எங்கே இறக்கி வைப்பது? வீட்டில் இருந்தது ஆயா. “ஆஸ்பத்திரி இல்ல ஆயா, மருத்துவமனை. பிளசர் காரு என்ன? வெறும் கார்னு சொல்லுங்க.” திருத்தப்பட்டவளுக்குத் திருத்த ஓர் ஆள் வேண்டியிருந்தது. இது எனக்கு இப்போது புரிகிறது.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்குப் போனோம். அந்தச் சாலையில் தீபாவளி நெருக்கத்தில் நடந்தவர்களுக்குத் தெரியும், நாம் நடக்கவேண்டியதில்லை, கூட்டமே கொண்டுபோய்விடும். ஒரு துணிக்கடையில் நுழைந்தோம். ஆயா நாற்காலியில் உட்கார்ந்து, கடைக்காரத் தம்பியிடம், “தம்பி, ஃபுல் வாயில் இருக்கா? பூப்போட்டது. சாயம் போவாததா பாத்துக் குடு” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாயிலா? எதிரே அடுக்கின்மேல் அட்டையில் ஆங்கிலத்தில் பெரிதாக எழுதியிருந்தது. நான் அதைப் படித்தேன். எப்படிப் படித்தேன் என்பதுதான் முக்கியம். மலாய்மொழியில் எழுதியதை எழுதியபடியே வாசிக்கவேண்டும். பெரும்பாலும் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் ஒலி. இரண்டு ஆண்டுப் பழக்கத்தில் கண் தானாக அப்படியே ஓடியது.

“ஆயா, வாயில்னா கேட்டு! அது வாயில் இல்ல. அங்க எழுதியிருக்கு பாருங்க. வோ-இ-லே. வோயிலே!”

கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன். கடைக்காரத் தம்பி சிரித்தார். பக்கத்தில் துணி பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஆயா எதுவும் சொல்லவில்லை. முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, மேலே இருந்த அடுக்கை நோக்கி விரலை நீட்டினார். “அந்த மெல்லிசுல ஒண்ணு எடுங்க தம்பி.” ஊதாப் பூப்போட்ட சேலை. வாங்கிக்கொண்டு வந்தோம். போகும் வழியில் எனக்கு மட்டும் ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தார். நானும் வெற்றிகரமாகச் சாப்பிட்டேன்.

அந்தக் கடையில் எல்லாரும் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பது எனக்குத் தெரிய ஏழு ஆண்டு ஆயிற்று.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு ஒலியியல் வகுப்பு. விரிவுரையாளர் வெண்பலகையில் மூன்று சொற்களை எழுதினார்: ரயில், ஜெயில், ஆயில். “இவை ஆங்கிலச் சொற்கள் என்று எல்லாருக்கும் தெரியும். இவற்றில் தமிழ் எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். வகுப்பு மௌனமாக இருந்தது. காலை எட்டு மணி வகுப்பு, வேறு எப்படி இருக்கும்?

அவரே விளக்கினார். ஆங்கிலத்தில் இந்தச் சொற்கள் ஓரசை. கடைசியில் யகர ஒலியும் லகரமும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. தமிழ்ச் சொல் அப்படி இரண்டு மெய்களோடு முடிவதில்லை. செய்யுளில் வரும் ‘போன்ம்’, ‘மருண்ம்’ போன்ற அரிய வடிவங்களே விலக்கு. ஆகவே ‘ரய்ல்’ தமிழன் வாய்க்கு வரும்போது நடுவில் ஓர் இகரம் தானாகப் பிறக்கிறது: ரயில். ‘ஜெய்ல்’ ஜெயில் ஆகிறது. ‘ஃபில்ம்’ பிலிம் ஆவதும் இந்த ஏற்பாட்டின்படிதான். கடைசியில் உகரம் சேர்ந்து ‘பல்பு’, ‘பேங்கு’ என்று வருவது அதன் இன்னொரு வகை. அதோடு, ஆங்கிலத்தின் ‘ஒய்’ என்னும் ஒலி நம்மவர் பேச்சில் ‘ஆய்’ ஆகிவிடும். அதனால்தான் எண்ணெய் ‘ஆயில்’, கம்பிச் சுருள் ‘காயில்’, புள்ளி ‘பாயிண்டு’. வடசொல் தமிழுக்கு வரும்போது வடவெழுத்தை விட்டுத் தமிழ் எழுத்தை ஏற்றுக்கொண்டு வரவேண்டும் என்று தொல்காப்பியர் எச்சவியலில் விதித்திருப்பதை அவர் நினைவூட்டினார். அந்த விதியைப் படிக்காத மக்களும் அதன்படியே பேசுகிறார்கள் என்றார்.

“இன்னொரு சொல் சொல்லுங்கள்” என்றார்.

என் குறிப்பேட்டில் நான் எழுதியது ‘வாயில்’. எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயில் போல வாயில். ஆங்கிலத்தில் இந்தத் துணியின் பெயர் ‘ஆயில்’ என்பதன் ஆங்கில மூலத்தோடு அப்படியே எதுகையாக ஒலிக்கும், முன்னால் ஒரு வகரம் கூடுதல், அவ்வளவே. ஆயா சொன்னது ஆங்கிலச் சொல்லின் முறையான தமிழ் வடிவம். நான் சொன்ன ‘வோயிலே’? அது ஆங்கிலமும் இல்லை, மலாயும் இல்லை, தமிழும் இல்லை.

அன்று மாலையே நூலகத்தில் சொற்பிறப்பு அகராதியை எடுத்து உட்கார்ந்தேன். அந்த ஒரு சொல்லில் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம் இருந்தது. ஆங்கிலத்துக்கு அது பிரெஞ்சிலிருந்து வந்தது, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில். பிரெஞ்சில் அதன் பொருள் முகத்திரை. பிரெஞ்சுக்காரர்கள் அதை ‘வ்வால்’ என்று உச்சரிப்பார்கள். அங்கே ஒரு வேடிக்கை: ஆண்பால் குறியோடு சொன்னால் முகத்திரை, பெண்பால் குறியோடு சொன்னால் கப்பலின் பாய்! இரண்டுக்கும் தாய் லத்தீனின் ‘வேலும்’. துணி, திரைச்சீலை, பாய் எல்லாவற்றையும் குறித்த சொல். திரையை விலக்கிக் காட்டுவதையே ‘வெளிப்படுத்துதல்’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் இந்த வேரிலிருந்துதான் கிளைத்தது.

இங்கே நான் கொஞ்சம் நிறுத்தவேண்டியதாயிற்று. ஏனென்றால் ‘வேலும்’ எனக்குப் புதிய சொல் அல்ல. அதே ஒலியியல் வகுப்பில், வாயின் மேற்பகுதியில் பின்புறம் தொங்கும் மெல்லண்ணத்துக்கு அனைத்துலக வழக்கில் அந்தப் பெயர்தான் என்று படித்திருந்தோம். உள்நாக்குக்கு முன்னே திரைபோல இறங்கி நிற்பதால் அந்தப் பெயர். நம் ககரமும் ஙகரமும் பிறப்பது அந்த இடத்தில். அதாவது, லத்தீன்காரர்களின் மெல்லிய திரை நம் எல்லாருடைய வாயிலும் இருக்கிறது. நான் ஆயாவிடம் ‘வாயில்னா கேட்டு’ என்று பாடம் நடத்தினேனே, அந்தக் கேட்டில் தொங்கிய திரைச்சீலைக்கும் லத்தீனில் அதே பெயர்தான். தமிழ் ‘வாயி’லுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, வெறும் தற்செயல். இருந்தாலும் நூலகத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்துவிட்டேன்.

மகிழ்ச்சி தாங்காமல் வீட்டுக்குத் தொலைபேசி போட்டேன். அம்மாதான் எடுத்தார். “அம்மா, ஆயா சொன்னதுதான் சரி! வாயில்தான் சரி!” என்று நடந்த கதையெல்லாம் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “அவங்க அந்த வார்த்தைய இப்ப சொல்றதே இல்லையே. கடைக்குக் கூட்டிக்கிட்டுப் போனா வாயே தொறக்க மாட்டாங்க. வெரல நீட்டிக் காட்டுவாங்க. நீ அன்னிக்குக் கடையில அப்படிச் சொன்னதுலேர்ந்துதான். ஒனக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாது. யோசித்துப் பார்த்தால், வீட்டிலும் அவர் ‘அந்த மெல்லிசு’, ‘அந்தப் பழசு’ என்றுதான் சொல்லி வந்தார். மொழியைப் படிக்கிறேன் என்று பல்கலைக்கழகம் வந்தவள் அதைக் கவனிக்கவில்லை.

பிறகு நான் செய்தது கோழைத்தனம்தான் எனலாம். ஆயாவிடம் நேரே போய்ப் பேசாமல், இந்தச் சொல்லையே இன்னும் துருவிக்கொண்டிருந்தேன். விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது, ஏணைக்கும் ஆகாமல் கிழிந்து கைப்பிடித் துணியாகிவிட்ட ஒரு பழைய வாயிலின் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவினேன். ‘ஃபுல் வாயில்’ என்றால் என்ன என்று தெரியவேண்டியிருந்தது. விரல்களுக்கிடையில் எதிர்ப்பக்கமாக உருட்டிப் பிரித்தால் அந்த ஓர் இழை இரண்டாகப் பிரிந்தது. வாயில் துணியின் சூட்சுமம் இதுதான். சாதாரண நூலைவிட மிக அதிகமாக முறுக்கேற்றிய நூல். முறுக்கு ஏற ஏற நூல் இறுகி ஒல்லியாகிறது, அதன் மேலிருக்கும் பிசிறு அடங்குகிறது, இழைக்கும் இழைக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத சன்னல்கள் திறந்துகொள்கின்றன. ஆயாவின் ‘காத்து உள்ள வந்துட்டுப் போவும்’ என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. பாவும் ஊடையும் இரண்டுமே இரட்டை இழை என்றால் ஃபுல் வாயில். பாவு மட்டும் இரட்டை, ஊடை ஒற்றை என்றால் அது அரை வாயில். கடைகளில் 2 × 2 என்று முத்திரை குத்தியிருப்பதும் இந்த இரட்டைக் கணக்குதான். ஆக, ஆயா அன்று ‘ஃபுல் வாயில்’ என்று கேட்டது, விவரம் தெரிந்த ஒருவர் கேட்ட கேள்வி.

விடுதியில் என் அறைத்தோழி கிளந்தான்காரி. அவளிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, தன் அலமாரியைத் திறந்து ஒரு கட்டுத் துடோங்குகளை எடுத்துப் போட்டாள். துடோங் பாவால். “இதுவும் அந்தத் துணிதான். நாங்கள் ‘வோவால்’ என்போம். இது பீடாங் 45, இது பீடாங் 50” என்று அகலத்தை அங்குலக் கணக்கில் சொன்னாள். தொட்டுப் பார்த்தேன். ஆயாவின் சேலை! அதே மொடமொடப்பு, அதே காற்று. பிரெஞ்சில் முகத்திரை என்று பொருள்படும் துணியை என் தோழி தலைக்கு அணிகிறாள். அவள் உச்சரிப்பு பிரெஞ்சுக்கு அருகில் நிற்கிறது. என் ஆயாவின் உச்சரிப்பு ஆங்கிலத்துக்கு அருகில். ‘பாவால்’ என்றால் மலாயில் ஒரு மீன், நம் வீட்டில் வவ்வால் மீன் என்று வாங்குகிறோமே, அது. மீனுக்கும் துணிக்கும் என்ன சம்பந்தம் என்று இருவரும் இரவு பன்னிரண்டு மணிவரை வாதாடினோம். முடிவுக்கு வரவில்லை. மறுநாள் தேர்வு என்பதுதான் முடிவு.

துணிகளின் பெயரே இப்படித்தான் போலும், ஓரிடத்தில் நிற்பதில்லை. தாத்தா உயிரோடு இருந்தவரை வீட்டில் கட்டியது கட்டம்போட்ட கைலி. மலாய்க்காரர்கள் அதைக் ‘காயின் பெலிக்காட்’ என்பார்கள். நானும் பள்ளியில் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன், அந்தப் பெலிக்காட் சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காடு என்று அறியாமல். டச்சுக்காரர்கள் 1613-இல் அங்கே கெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரையின் துணிகளைக் கப்பல் கப்பலாக இந்தத் தீவுகளுக்குக் கொண்டுவந்தார்கள். ஊர்ப்பெயர் துணியின்மேல் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஆங்கிலத்தின் ‘காலிக்கோ’வுக்குள் கோழிக்கோடு இருக்கிறது. ‘மஸ்லின்’ என்ற சொல்லுக்குள் ஈராக்கின் மோசுல் நகரம் இருக்கிறது, அந்தத் துணிக்குப் பேர்போனது டாக்கா என்றாலும். பூப்போட்ட ‘சீட்டி’த் துணியும், மலாய்க்காரர்களின் ‘சீத்தா’வும், ஆங்கிலேயரின் ‘சின்ட்ஸ்’உம் ஒரே இந்திச் சொல்லின் மூன்று பிள்ளைகள்.

சங்க காலமும் இதற்கு விலக்கல்ல. அன்று துணிக்கு வழங்கிய பெயர்களில் ‘கலிங்கம்’ ஒன்று. கலிங்க நாட்டிலிருந்து வந்த துணி என்பதால் அந்தப் பெயர் வந்து, பிறகு எல்லாத் துணிக்கும் ஆகிவிட்டது. ‘அறுவை’ என்ற பெயரும் ‘துணி’ என்ற பெயரும் தமிழின் சொந்தப் பிள்ளைகள்; நெய்த நீளத்திலிருந்து அறுத்ததால் அறுவை, துணித்ததால் துணி. பொருநராற்றுப்படையில், கரிகாலன் தன்னிடம் வந்த பொருநனுக்குக் கொடுத்த உடையைப் புலவர் பாம்பின் சட்டைக்கு ஒப்பிடுகிறார். இழை எங்கே போகிறது என்று கண்ணால் நுழைந்து பார்க்கமுடியாத நுண்மையாம். எஸ்.டி.பி.எம்.-க்குப் படித்தபோது இதை வெறும் உவமையாகத்தான் மனப்பாடம் செய்தேன். ஆயாவின் கைப்பிடித் துணியிலிருந்து ஓர் இழையை உருவ அரைமணி நேரம் போராடிய பிறகுதான் அந்தப் புலவர் துணியைத் தொட்டுப் பார்த்தவர் என்று தோன்றியது.

எங்கள் மொழிக் கழகத்தில் இதைப் பற்றிப் பேசியபோது, மூத்த மாணவர் ஒருவர், “வாயில் என்பது கடன்சொல்தானே? மென்துகில் என்று அழகாகச் சொல்லலாமே!” என்றார். அவரிடம் எனக்கு மரியாதை உண்டு. ‘மென்துகில்’ அழகான சொல் என்பதிலும் ஐயமில்லை. விளம்பரத் தாளில் போட்டால் நானே கைதட்டுவேன். ஆனால் ஒருமுறை ஆயாவின் வாயிலிருந்து ஒரு சொல்லை எடுத்துவிட்டு நான் பட்ட பாடு போதும். இரண்டாம் முறை போய், “ஆயா, வாயிலும் தப்பு, மென்துகில்னு சொல்லுங்க” என்று சொல்லும் துணிச்சல் எனக்கில்லை. அவரைப் போய்ச் சொல்லச் சொன்னேன். சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார்.

இந்த ஆண்டு பெரியம்மா மகள், அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. முப்பதாம் நாள் கழித்து ஏணை கட்ட எல்லாரும் எங்கள் வீட்டில் கூடினோம். அத்தை கடையில் வாங்கிய ஆயத்த ஏணைத் துணியை எடுத்து வந்திருந்தார். நல்ல தடிப்பான துணி, கரடிப் பொம்மை படம் போட்டது. ஆயா அதைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “இதுல புள்ள வெந்துரும். உள்ள அலமாரில அந்த மெல்லிசு ஒண்ணு இருக்கும் பாரு, ஊதா கலரு...” என்று யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் சொன்னார்.

ஊதாப் பூப்போட்டது. 2017-இல் வாங்கியது. எட்டு ஆண்டு கட்டிக் கட்டி நைந்து, இப்போது ஏணைக்கு வந்துவிட்டது.

கூடத்தில் பதினைந்து பேராவது இருந்தார்கள். என் காது சூடாவது எனக்கே தெரிந்தது. எழுந்து நின்று, கொஞ்சம் உரக்கவே கேட்டேன்.

“எது ஆயா, அந்த வாயில் சேலையா?”

ஆயா என்னை நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு, நன்றாகப் பார்த்தார்.

“எது? வோயிலேயா?”

அதே இழுப்பு, அதே மூன்று அசை. ஓர் எழுத்துக்கூடத் தவறவில்லை. அம்மா முதலில் சிரித்தார். அப்புறம் அத்தை. காரணம் தெரியாத மாமாகூடச் சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“இல்ல ஆயா. நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. வாயில்தான் சரி. புஸ்தகத்துல பாத்தேன்” என்றேன்.

“அதுக்குப் புஸ்தகம் வேற பாத்தியா?” என்றார். “போயி எடுத்தா. கரை பக்கமா மடிச்சுக் கட்டணும். ஒத்த முடிச்சுப் போடாத, ரெண்டு போடு.”

எடுத்து வந்தேன். இரண்டு முடிச்சுப் போட்டேன். ஆயா வந்து இரண்டையும் அவிழ்த்துவிட்டுத் தன் கையால் மறுபடி போட்டார். குழந்தையை உள்ளே விட்டதும் ஸ்பிரிங் ஒருமுறை கீழே இறங்கி ஏறியது. ஊதாப் பூக்களுக்கு நடுவே ஒரு சின்னக் கைமுட்டி துணியை உள்ளிருந்து தள்ளுவது தெரிந்தது. விழித்துத்தான் இருக்கிறாள்.